எடை ஏறின வாரம்தான் போக வேண்டிய வாரம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 36, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. வீடு தண்டையார்பேட்டை, வேலை எம்.சி. ரோட்டில் துணிக்கடையில். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 வந்திருக்கிறது, 'பார்டர்லைன்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்து, ஞாயிறு காலை எடை பார்க்கிற குழு ஒன்று தொடங்கினீர்கள். யாருக்கு ஏறுகிறதோ அவர் 50 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், எடையைச் சத்தமாகவும் சொல்வார்கள். மூன்றாம் வாரம் உங்களுக்கு 800 கிராம் ஏறியது. நாலாம் வாரம் தலைவலி என்று சொல்லிவிட்டீர்கள், அதற்கப்புறம் போகவே இல்லை. வீட்டுக்காரர் "உடம்பைக் குறைக்க ஒரு சங்கமா?" என்று சிரிக்கிறார். இன்னொரு பக்கம், காலைச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கரைத்த ஷேக் குடிக்கிற கிளப்பில் சேரச் சொல்லி ஒருவர் துரத்துகிறார். குழு என்பதே நமக்கு ஒத்துவராதா, தனியாகவே பார்த்துக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

தங்கச்சி, குழு வேண்டும். ஆனால் நீங்கள் சேர்ந்த குழுவின் சட்டத்தை மாற்ற வேண்டும். எடை ஏறினவள் வர வெட்கப்படுகிற குழு எதற்கு? இறங்கினவளுக்குக் குழு இல்லாமலே உற்சாகம் இருக்கும். ஏறின வாரத்தில் யார் முகத்தில் விழிக்கலாம் என்பதற்குத்தான் நாலு பேர் தேவை.

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் சில வருடங்களாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் கூடுகிறது. முதல் வருடம் நாங்களும் அபராதம் வைத்தோம். மூன்று மாதத்தில் பதினொரு பேர் நாலு பேரானோம். அந்த நாலு பேரும் முதலிலேயே ஒல்லி!

முதலில் அந்த 800 கிராமைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். 800 கிராம் என்றால் ஆறாயிரத்துக்கு மேல். ஒரே வாரத்தில் அவ்வளவு அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். முதல் நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். காலையில் வயிறு சரியாகப் போகவில்லை என்றாலும் மெஷின் காட்டிக்கொடுக்கும். ஒரு கிலோ ஏறி இறங்குவது எல்லோர் உடம்பிலும் நடக்கிற சங்கதி. அதற்கு 50 ரூபாய் வாங்கினால், குழம்பில் போட்ட உப்புக்கு வாங்குகிற மாதிரி.

குழுவால் நிஜமாகவே பலன் உண்டா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் சொல்லக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஆய்வில் 166 பேர் இருந்தார்கள். சிலர் தனியாக வந்து சேர்ந்தவர்கள், சிலர் தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை இருந்தார்கள். கூட்டாளிகளோடு வந்து, ஒருவரை ஒருவர் தாங்கவும் கற்றுக்கொண்டவர்களில் 95 சதவீதம். குறைத்த எடையை முழுசாகக் காப்பாற்றினவர்கள் முதல் வகையில் 24 சதவீதம், இரண்டாம் வகையில் 66 சதவீதம். எல்லோரும் எடையைக் குறைத்துவிடுகிறோம், திரும்ப ஏறாமல் வைத்துக்கொள்வதில்தான் தோற்கிறோம். அதனால் எனக்கு அந்த 66 தான் பெரிதாகப் படுகிறது.

இங்கிலாந்தில் 1,267 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஒரு பிரிவுக்கு ஒரு புத்தகமும் கொஞ்சம் ஆலோசனையும் மட்டும். ஒரு பிரிவு 12 வாரம் குழுவுக்குப் போனது. இன்னொன்று 52 வாரம் போனது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவுக்குச் சராசரியாக 3.26 கிலோ, இரண்டாவதற்கு 4.75, மூன்றாவதற்கு 6.76 கிலோ குறைந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து எல்லோருக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனாலும் அந்த வரிசை மாறவில்லை. ஒரு வருடம் விடாமல் போய்க் கிடைப்பதே ஏழு கிலோவுக்குள்தான் என்பதையும் கவனியுங்கள். ஆட்டோவின் பின்னால் "30 நாளில் 10 கிலோ" என்று ஒட்டியிருப்பவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும்.

நம் ஊர்க் கணக்கும் உண்டு. சர்க்கரை விஷயத்தில் வடசென்னை பழைய கை. ராயபுரத்தில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1954இல் தொடங்கிய பொது மருத்துவமனை, 1971இலேயே அந்த நோய்க்கென்று தனி மருத்துவமனையாகிவிட்டது. உங்களைப் போல சர்க்கரை வரும் நிலையில் இருந்த, எடையும் கூடுதலாக இருந்த 578 பேரைச் சென்னையிலேயே வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2016இல் வந்தது. ஒரு பிரிவுக்கு வாராவாரம் குழு வகுப்பு: சாப்பாடு, நடை, ஒருவருக்கொருவர் துணை. போதாதவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை நோய் மாத்திரையும் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 32 சதவீதம் குறைந்தது. அதற்கு முன்பு, 2006இல் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 இந்தியர்களை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொரு விசேஷம். சாப்பாட்டையும் நடையையும் மாற்றினவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடையில் மட்டும் சொல்லும்படி மாற்றம் இல்லை! மெஷின் அசையாதபோதும் உள்ளே வேலை நடக்கிறது. உங்கள் 6.1-க்கு இது நல்ல செய்தி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நீங்கள் சீட்டு கட்டியிருப்பீர்கள். சீட்டு ஏன் ஓடுகிறது? ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. பணம் குறைவாக இருந்தாலும் அன்றைக்கு அந்த வாசலில் போய் நின்று, "அக்கா, மீதியைத் திங்கட்கிழமை தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வருவோம். வராமல் ஒளிந்துகொள்கிறவளைத்தான் ஊர் பேசும். எடைக் குழுவுக்கும் அதே கணக்கு போதும். வராததற்கு அபராதம் வையுங்கள், ஏறினதற்கு வேண்டாம். எங்கள் மாடியில் சொல்லாமல் வராதவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவர வேண்டும். எண்ணெய் தாளிக்காத சுண்டல், அதுவே போதுமான தண்டனை.

எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். ஒருவர் கையில் நோட்டு இருக்கட்டும். அவரும் எடை பார்க்கிறவரும் மட்டும் தனியாக நின்று பார்த்து எழுதட்டும். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் நடந்த ஒன்றை மட்டும் சொன்னால் போதும். "புதன்கிழமை கடையில் ஸ்டாக் எடுத்தோம், வீட்டுக்கு வர பத்தரை ஆயிற்று, நின்றபடியே நாலு பரோட்டா சாப்பிட்டேன்." அவ்வளவுதான். யாரும் உச்சுக் கொட்டக்கூடாது, உபதேசமும் கூடாது. "அடுத்த தடவை லேட்டானால் என்ன செய்யலாம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவளிடமே பதில் இருக்கும், அவளும் அதே பத்தரை மணி பஸ்ஸில் வந்தவள்.

இந்தப் பேச்சுதான் மருந்து என்று நான் நினைக்க ஒரு பழைய கதையும் காரணம். நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்று ஒரு குடும்பப் பெண், எடை சுமார் 97 கிலோ. 1961இல் நகராட்சி நடத்திய உடல்பருமன் கிளினிக்குக்குப் போனார். டயட் கொடுத்தார்கள், வாராவாரம் எடை பார்த்தார்கள். ஆனால் ராத்திரி ஒளித்து வைத்து பிஸ்கட் தின்கிறோம் என்பதை அங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்வதற்காகவே ஆறு சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னதும் அவர்களும் ஆளுக்கொரு ஒளித்த பண்டத்தைச் சொன்னார்கள். வாராவாரம் கூடினார்கள், மறு வருடம் அவர் எடை 64 கிலோ. 1963இல் அந்தக் கூட்டம்தான் வெயிட் வாட்சர்ஸ் என்கிற கம்பெனியானது. பிறகு அது பெரிய வியாபாரமாகிவிட்டது, அது வேறு சங்கதி. கிளினிக்கிலும் எடை மெஷின் இருந்தது, டயட் சீட்டும் இருந்தது. வீட்டுக்கூடத்தில் கூடுதலாக இருந்தது பிஸ்கட்டைப் பற்றிப் பேச ஓர் இடம்.

ஆறிலிருந்து பத்து பேர் சரியான அளவு. ஐந்து பேரில் இரண்டு பேர் ஊருக்குப் போனால் கூட்டம் படுத்துவிடும். பதினைந்து ஆனால் வாயாடிகள் மட்டும் பேசுவார்கள் (நான்தான் அந்த வாயாடி, எனக்கு மூன்று நிமிஷம் என்று கடிகாரம் வைத்திருக்கிறார்கள்). முதல் நாலு மாதம் வாராவாரம், பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.

எண்ணி எழுத வேண்டியது எது? எடை தானாக மாறுகிற ஒன்று, அது நம் பேச்சைக் கேட்காது. நம் கையில் இருப்பதை எண்ணுங்கள். எத்தனை நாள் நடந்தோம், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, டீயில் எத்தனை ஸ்பூன். கடையில் ஒரு நாளைக்கு ஐந்து டீ என்று எழுதியிருந்தீர்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன். ஸ்பூனுக்கு ஐந்து கிராம், 20 கலோரி. ஆக 200 கலோரி, பசியாறாமலே. எங்கள் குழுவில் முதல் மாதம் டீயை மட்டும்தான் தொட்டோம். இரண்டை ஒன்றாக்கினோம், ஐந்தை மூன்றாக்கினோம். அரிசி பக்கமே போகவில்லை. அரிசியில் கை வைத்தால் மாமியார்வரை பஞ்சாயத்து போகும், அதை மூன்றாவது மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மாதம் எண்ணெய். தனி ஆளாக எண்ணெயை அளக்கவே முடியாது, வீட்டுக் கணக்காகத்தான் பார்க்க வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். 340 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும் வருகிறது. குழுவில் எல்லோரும் மாதக் கடைசியில் காலி பாக்கெட்டை எண்ணிச் சொன்னோம். யாரும் யாருக்கும் டயட் சொல்லிக்கொடுக்கவில்லை, அடுத்த மாதம் பாக்கெட் குறைந்தது. காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மீனை வறுத்தே தின்கிறோமே என்று ஒருத்தி சொன்னாள். கானாங்கத்தையைக் குழம்பு வைத்தால் எண்ணெய் பாதிதான். ஞாயிற்றுக்கிழமை வறுவல் மட்டும் விட முடியாது என்று இன்னொருத்தி சண்டை போட்டாள். விட்டுவிட்டோம், ஞாயிறு ஞாயிறாகவே இருக்கட்டும்.

நடை விஷயத்தில் நம் பக்கத்துக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்தால் ஆரோக்கியத்துக்குப் பதிலாகத் தூசிதான் கிடைக்கும். மாநகராட்சிப் பூங்காவுக்குக் காலை ஐந்தரைக்குத் தனியாகப் போக பெண்கள் தயங்குவார்கள், வீட்டிலும் விட மாட்டார்கள். மூன்று பேர் கீழே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள், தூங்கவும் முடியாது. குழுவால் எங்களுக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். வாரம் 150 நிமிடம், வேர்க்கிற வேகத்தில் நடந்தால் போதும். நாளைக்கு அரை மணி என்று ஐந்து நாள். "கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேனே, அது போதாதா" என்று கேட்பீர்கள். நிற்பதில் கால்தான் வீங்கும், மூச்சு வாங்காது. வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினால் அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இலக்கு என்ன வைப்பது? 78 கிலோவில் முதல் இலக்கு 5 சதவீதம், அதாவது நாலு கிலோ. ஆறு மாதத்தில் வந்தால் அருமை. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். எடை மெஷினோடு இஞ்ச் டேப்பும் வாங்குங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்கிற அளவு. மெஷின் அசையாத மாதத்தில் டேப் அசையும். ஜாக்கெட் தைக்கிறவர் அதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

வாட்ஸ்அப் குழு வேண்டுமா? நேரில் கூடுவதற்குத் துணையாக இருந்தால் சரி. தினம் தட்டைப் படம் எடுத்துப் போடுவது இரண்டு வாரம் ஓடும். மூன்றாவது வாரம் சீரகத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, "இதை ஒரு டம்ளர் குடித்தால் தொப்பை கரையும்" என்று பார்வேர்டு வரத் தொடங்கும். நாங்கள் ஒரு சட்டம் வைத்தோம்: "நடந்தேன்", "நடக்கவில்லை", இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது. ஒருவரிடமிருந்து மூன்று நாள் எதுவும் வரவில்லை என்றால் ஒருவர் போன் பண்ண வேண்டும். திட்டுவதற்கில்லை, என்ன ஆச்சு என்று கேட்க. ஒரு தடவை அப்படிப் போன் பண்ணித்தான் ஒருத்தியின் பையன் டெங்குவில் படுத்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்த மாதம் அவள் எடையைப் பற்றி யாரும் பேசவில்லை, சாப்பாடு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஷேக் கிளப் பற்றி ஒரு பத்தி போதும். கூட்டம் இருக்கும், கைதட்டல் இருக்கும், மெஷினும் இருக்கும். ஆனால் நடத்துகிறவருக்கு வருமானம் நீங்கள் வாங்குகிற டப்பாவிலிருந்துதான் வருகிறது. உங்கள் எடை ஏறினால் இன்னொரு டப்பா, இறங்கினால் அதைக் காப்பாற்ற ஒரு டப்பா, அடுத்து நீங்களே நாலு பேரைச் சேர்த்துவிடும்படி ஒரு பேச்சு. உங்கள் சிக்கலில் லாபம் பார்க்கிறவரிடம் உண்மையைச் சொல்ல வராது. சாப்பாட்டுக்குப் பதில் பவுடரைக் குடித்தால் முதலில் எடை இறங்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. டப்பா நின்ற அன்றைக்கு மறுபடி சோறுதானே?

குழுவை உடைக்கிற வார்த்தைகள் வெளியிலிருந்துதான் வரும். நாலு கிலோ குறைந்ததும் "என்னம்மா, முகமே வத்திப்போச்சு, சுகர் வந்துடுச்சா?" என்று தெருவே கேட்கும். எங்களில் ஒருத்தி இந்த ஒரு கேள்விக்காகவே மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள். பண்டிகையும் அப்படித்தான். எங்கள் மாடியில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்கள் உண்டு, நோன்பு வைக்கிறவர்கள் உண்டு, ராயபுரம் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. ஆக வருடத்தில் எட்டு மாதம் யாராவது ஒருவர் வீட்டில் பிரியாணியோ பலகாரமோ நடக்கும். அந்த வாரம் எடை பார்ப்பதில்லை, கூட்டம் மட்டும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. குழுவில் யாராவது சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மற்றவர்களோடு சேர்ந்து திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்து அளவை மாற்ற வேண்டுமா என்று முதலில் டாக்டரிடம் கேட்கட்டும். சாப்பாடு குறைத்தும் நடந்தும் மூன்று மாதமாக ஒன்றுமே அசையவில்லை, முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் 6.1 என்பதால் மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனை மறுபடி வேண்டும். நம் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கும்போது இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. எல்லாவற்றையும் குழுவே சரிசெய்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடக்கூடாது. மனசு சரியில்லாமல் ராத்திரியில் அடக்க முடியாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு, அவர்களை வட்டத்தில் உட்காரவைத்துப் பேசவைப்பது போதாது, மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார் என்றீர்கள். சிரிக்கட்டும். உலையில் போடுகிற அரிசியை அவரைக் கேட்காமல் குறைக்க முடியாது, அதனால் என்றைக்காவது ஒரு நாள் அவரையும் மாடிக்கு வரவழைக்க வேண்டிவரும். அவர் இடுப்புக்கு 90 சென்டிமீட்டர் டேப்பைச் சுற்றிப் பாருங்கள், சிரிப்பு தானாக நிற்கும்.

இந்த ஞாயிறு போங்கள். போவதற்கு முன்னால் குழுவை ஆரம்பித்தவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்: "தலைவலி இல்லைக்கா, ஏறினதைச் சொல்ல வெட்கமாக இருந்தது." மற்ற நாலு பேரில் இரண்டு பேருக்காவது அதே வெட்கம் இருந்திருக்கும், நான் பந்தயம் கட்டுகிறேன். அபராதச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு ஆட்டோ பிடித்துச் சனிக்கிழமை எங்கள் மாடிக்கு வாருங்கள், சண்டை போடாமல் இடம் கொடுப்போம். ஞாயிறு போவதாக இருந்தால் ஒன்று மட்டும், முதல் நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு வைக்காதீர்கள்.